நடு வரிசை, இடது இருக்கை

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று மூன்று கார்கள். முதல் காரில் ஷோரூமில் போட்ட பாலிதீன் உறை நாலு வருடமாகியும் சீட்டை விட்டு இறங்கவில்லை. "அதைக் கிழிச்சுறாதீங்க, வண்டி பழசாயிரும்" என்றார் சொந்தக்காரர். உறையைத் துடைத்து, உறைக்குப் பாலீஷ் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது காரில் டேஷ்போர்டு மேல் பதினோரு சாமிகள். சீட் பெல்ட் மாட்டும் இடத்தில், எச்சரிக்கை மணி அடிக்காமலிருக்க, பெல்ட் இல்லாத வெறும் கொக்கி. அதாவது பாதுகாப்பை மொத்தமாகச் சாமிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மூன்றாவது காரில் வாசனைப் புட்டி மூன்று. பின் சீட்டுக்கு அடியில் ஜூலை மாதத்துச் சாம்பார் டப்பா ஒன்று.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பதினாறு வருடம் நிறம் பார்த்தவன் நான். பட்டறை மூடிய பிறகு தொடங்கியதுதான் 'உள்ளழகு: வீடு தேடி வரும் கார் உட்புறச் சுத்தம்'. ஆம்னி வேனின் பக்கவாட்டில் என் பெயரை 'சென்னியப்பன், நிர்வாக இயக்குநர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேன் ஓட்டும் பொறுப்பை மனைவி கோகிலவாணிக்கு ஒதுக்கியுள்ளேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை எழவில்லை. போன் பேசுவது, நேரம் குறிப்பது, தண்ணீர் பிடிப்பது, வேக்குவம் பிடிப்பது ஆகியவையும் அவள் துறை. மற்றதெல்லாம் நான்.

நாளை முக்கியமான நாள். வடவள்ளி பொன்மலர் என்க்ளேவ் குடியிருப்பில் நூற்று அறுபத்து நாலு வீடு, வீட்டுக்கு ஒரு காராவது உண்டு. சங்கத் தலைவர் கனகசபாபதி தன் காரை மாதிரிக்குத் தருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் விஜயதசமியிலிருந்து மொத்த என்க்ளேவும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் பல்லடம்தான். அங்கே என் மச்சான் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். "அந்த வேனை வித்துப்போட்டு வாங்க மாப்ள. நாலாயிரம் கோழி இருக்குது, கூட்டிப் பெருக்க ஆளில்லை" என்று வாராவாரம் அன்போடு கூப்பிடுகிறார். இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

செப்டம்பர் 20, சனி

என் தொழில் வாழ்வின் மிகச் சிறந்த நாள்.

கனகசபாபதி பத்திரப்பதிவுக்குப் போய்விட்டார். அவர் மனைவி ருக்மணியம்மா சாவியைக் கொடுத்துவிட்டுக் கொலுப்படி கட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே போனார். கோகிலவாணி என்னை இறக்கிவிட்டு இன்னொரு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது வழக்கமான பாட்டு: "ஏனுங்க, எதுன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க."

ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் கார், பாலாடை நிறத் தோல் சீட்டுகள். நடு வரிசையில் இடது சீட்டின் மேல் மட்டும் ஒரு டர்க்கி டவல், நாலு மூலையிலும் ஊக்கு குத்தியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்றிலைக் கறை. வருடக்கணக்கில் ஊறிக் கருஞ்சிவப்பாகியிருந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பெரிய மனிதர், யாரோ துப்பிய கறையை வெளியே சொல்லவும் முடியாமல், எடுக்கவும் தெரியாமல், துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார். பேசிய வேலையில் கறை எடுப்பது இல்லை. ஆனாலும் இலவசமாகவே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்கள் கூச்சப்படுவார்கள்.

மூன்று மணி நேரம். எலுமிச்சைச் சாறு, பெராக்சைடு, நீராவி, பல் துலக்கும் பிரஷ், மறுபடி எலுமிச்சை. சுண்ணாம்பு ஏறிய சிவப்பு லேசில் இறங்காது. கடைசிச் சொட்டு நிறம் துணியில் ஏறியபோது யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடாதா என்று ஏங்கினேன். பிறந்த சீட் மாதிரி ஆயிற்று. மேலே பாதுகாப்புப் பூச்சும் கொடுத்தேன். டவலைத் துவைத்துக் காயவைத்து, அதே நாலு ஊக்கையும் குத்தி மூடினேன். அவர்களே திறந்து பார்த்து ஆச்சரியப்படட்டும்.

கோகிலவாணியிடம் சொல்லவில்லை. பாராட்டு வந்ததும் சேர்த்துச் சொல்லலாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாராட்டு வரவில்லை. போன் வேலை செய்கிறதா என்று கோகிலவாணியைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். வேலை செய்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

பொறுக்காமல் நானே ருக்மணியம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வண்டி நல்லா இருக்குது கண்ணு. அவரும் திருப்தின்னாரு."

"அந்தத் துண்டை எடுத்துப் பாத்தீங்களாம்மா?"

"அட சாமி! அதை எப்படி எடுக்கறது? ஆயுத பூசையன்னிக்கு மட்டுந்தானே எடுப்போம். நீயும் அதுமேல கை வெக்கலையல்லோ?"

வைக்கவில்லை என்றேன். அப்போது எனக்கு வந்த பதில் அது ஒன்றுதான்.

பிறகு அந்த அம்மா சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். மலையடிவாரத்தில் தாம்பூலச் சாமி என்று ஒருவர். பதினோரு வருடமாக மௌனம்; வெற்றிலை போடுவதற்கு மட்டும் வாய் திறப்பார். எட்டு வருடம் முன்னால் கனகசபாபதி அவரைக் காரில் ஏற்றிப் பேரூர் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். வழியில் சாமி அந்த இடது சீட்டில் அருள் புரிந்திருக்கிறார். இரண்டு வருடமாக விலை போகாமல் கிடந்த அவருடைய மனைகள் அதே வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. கறை பார்க்க வேல் மாதிரி இருக்குமாம். அன்றிலிருந்து அந்த வரிசையிலேயே யாரும் உட்கார்வதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூசைக்கு, டவலை எடுத்துக் கற்பூரம் காட்டுவார்கள். என்க்ளேவே வரிசையில் நின்று கும்பிடும்.

ஆயுத பூசை அடுத்த புதன்கிழமை. அந்த வேல் கறையை நான்தான் துணியில் துடைத்து, துணியைப் பினாயில் வாளியில் போட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இரண்டு கார். ஒன்றில் வேர்க்கடலைத் தோல். வேறு எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பதற்றப்படுவதில் பயனில்லை. பட்டறையில் ஒரு துண்டுத் துணியைக் காட்டினால் அதே நிறத்தைப் பத்தாயிரம் மீட்டருக்குக் கொண்டுவந்தவன் நான். ஒரு கறையை எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கத் தெரியாதா?

காந்திபுரத்தில் சீட் கவர் கடையில் பாலாடை நிறத் தோல் துண்டுகள் வாங்கினேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. நானே மென்று துப்பிப் பார்த்ததில் நாக்கு வெந்ததுதான் மிச்சம். பழக்கமில்லாததால் கறைக்குப் பதில் எச்சில்தான் அதிகம் வந்தது. அரைத்து வடிகட்டிப் பிரஷ்ஷால் பூசினேன். நிறம் அச்சு அசல். வேல் வடிவம் அதைவிட நன்றாக வந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

பதினாலு மாதிரி செய்து, எண் போட்டு, வேனுக்குள் காயவைத்திருக்கிறேன். ஒன்பதாம் எண் மிக நேர்த்தி.

கோகிலவாணி என் விரல்களைப் பார்த்தாள். உதடுகளையும் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

செப்டம்பர் 27, சனி

அவள் வேனைக் கழுவும்போது பதினாலும் சிக்கிவிட்டன.

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

வெற்றிலை போடும் பழக்கம் இல்லை என்று நிரூபிக்க முழு உண்மையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் ஆம்னியின் படியில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் ஒரே கேள்வி.

"கேட்டீங்களா?"

"அவங்க சந்தோசப்படட்டும்னு..."

"கேட்டீங்களான்னு கேட்டேன்."

இல்லை என்றேன்.

"பல்லடத்துக்குப் போறதப் பத்தி எனக்குப் பயமில்லீங்க. எங்கண்ணன் வீட்டுல நான் கோழி கூட்டினாலும் கூட்டிட்டுப் போறேன். ஊரே சேந்து கும்புடற எடத்துல பொய்யை வெக்கறதுதான் எனக்குப் பயமா இருக்குது. நாளைக்கே போய்ச் சொல்லிப் போடலாம்."

நானும் அதே முடிவுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஒன்பதாம் எண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது சேலை பார்டராட்ட இருக்குது. மனுசன் துப்புனாப்புலயே இல்லை" என்றாள். பதினாறு வருட அனுபவத்தை ஒரே வரியில் இப்படிச் சொல்வது அவளுக்குக் கைவந்த கலை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கனகசபாபதி வீட்டுக்குப் போனோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் முந்திக்கொண்டார்.

"வாங்க வாங்க. நானே கூப்பிடோணும்னு இருந்தேன். கமிட்டி ஒத்துக்கிச்சு. நூத்தி அறுபத்தி நாலு வண்டி, மாசம் ரெண்டு தடவை. விசயதசமியன்னிக்குக் கையெழுத்து. இன்னொரு வெசயம், இந்த வருசம் பூசைக்குத் தாம்பூலச் சாமியே நேர்ல வர்றாரு! நம்ம வண்டியிலயே போயிக் கூட்டியாறோம்."

"சந்தோசமுங்" என்றேன்.

"போன வருசம் ஒரு டிரைவர் தெரியாத்தனமா அந்த சீட்டுல டிபன் பாக்ஸை வெச்சுட்டான். அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். பாவம், ரெண்டு பொட்டப் புள்ளைங்க அவனுக்கு. என்ன பண்றது, சாமி வெசயம்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே?"

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். நான் பூசைக்கு முந்தின நாள் வண்டிக்கு இலவசப் பாலீஷ் போட்டுத் தருவதாகச் சொன்னேன்.

திரும்பும் வழியில் அவள் ஹாரனை அடித்த அடியில் இரண்டு பஸ்கள் ஒதுங்கின.

செப்டம்பர் 29, திங்கள்

நான் பேசினால் அவள் வேக்குவத்தைப் போட்டுவிடுகிறாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்குப் பாலீஷ் வேலை. நான் பிரஷ், கிண்ணம், ஒன்பதாம் எண் எல்லாவற்றோடும் நடு வரிசையில் மண்டியிட்டேன். கதவுகளைச் சாத்தியிருந்தேன். ஊக்குகளைக் கழற்றி டவலை எடுத்தேன். நான் சுத்தம் செய்த சீட் பளபளவென்று இருந்தது. பிரஷ்ஷைத் தோய்த்தேன். பிரஷ் சீட்டை நோக்கிப் போகவில்லை. பயம் என்று நினைத்தேன், இல்லை. அத்தனை அழகாக எடுத்த ஒன்றை என் கையாலேயே கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் வெட்கம், அழுதேன்.

கோகிலவாணியை ருக்மணியம்மா கொலு பார்க்க மேலே கூப்பிட்டிருந்தார். அவள் கையில் தாம்பூலப் பையோடு இறங்கி வந்து கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"தள்ளுங்க" என்றாள்.

கொலுவில் கொடுத்த வெற்றிலையை மடித்து, பாக்கு வைத்து, சுண்ணாம்பை என் கிண்ணத்திலிருந்து வழித்து வாயில் போட்டாள். இரண்டு நிமிடம் மென்றாள். கண்ணில் நீர் கட்டியது. சுண்ணாம்பா, கோபமா என்று தெரியவில்லை. பிறகு ஒரே துப்பு.

சீட்டின் நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, கீழே ஒழுகி நின்றது. பார்க்க வேல் மாதிரி இல்லை, பூசணிக்காய் மாதிரி இருந்தது. ஆனால் சத்தியமாக ஒரு மனிதப் பிறவி துப்பியது மாதிரி இருந்தது.

"இது உங்களுக்காகத் துப்புனதில்லீங்க" என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மேல அந்தம்மா என்னையக் கொலுவுக்குக் கூப்புட்டு, குங்குமம் வெச்சு, 'சாமி வந்து போற வண்டி, நல்லாத் தொடச்சுக் குடு கண்ணு'ன்னு கையப் புடிச்சுக்குச்சு. நாளைக்கு அந்தம்மா ஊரு முன்னால வெறும் சீட்டைப் பாத்துத் தவிக்கக்கூடாதுன்னு துப்புனது, இப்படிப் பொய் பண்ண வெச்சுட்டீங்களேங்கற கோவத்தோட."

டவலைப் போர்த்தி ஊக்குக் குத்தினேன். இதுவும் என் நிர்வாகத்தின் கீழ் நடந்த வேலைதான்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூசை

காலை ஒன்பது மணிக்கே என்க்ளேவ் வாசலில் நூறு பேருக்கு மேல். எல்லாக் கார்களுக்கும் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். இனி நாங்கள் துடைக்கப்போகும் கண்ணாடிகளின் மேல் மூன்று விரலால் பட்டை. நாங்கள் சீருடையில் ஓரமாக நின்றோம். 'உள்ளழகு' என்று முதுகில் எழுதியிருந்தது.

சாமியை ஏற்றிக்கொண்டு வெள்ளைக் கார் வந்தது. முன் சீட்டிலிருந்து சாமி இறங்கினார். ஒடிசலான ஆள், எழுபது வயதிருக்கும், தோளில் வெள்ளைத் துண்டு. மேளம் அடித்தார்கள். கனகசபாபதி நடுக் கதவைத் திறந்து ஊக்குகளைக் கழற்றி டவலை எடுத்தார்.

என் காதில் மேளம் கேட்கவில்லை.

"ஆகா!" என்றார் கனகசபாபதி. குரல் உடைந்தது. "பாருங்க, போன வருசம் கறுத்துக் கெடந்தது. இப்பப் பாருங்க! சாமி வர்றாருன்னு தெரிஞ்சு புதுசா மலந்திருக்குது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேல் எப்படி இப்படி ஆயிற்று என்று ஒருவர் கேட்க, அது பூரண கும்பம் என்று இன்னொருவர் விளக்கினார். கற்பூரம் ஏற்றினார்கள். நூறு பேர் ஒருவர்பின் ஒருவராக என் மனைவியின் எச்சிலைக் கும்பிட்டார்கள். அவள் என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். இப்போது எழுதும்போதும் அந்த இடம் வலிக்கிறது.

அந்த நேரத்தில் காருக்குள் ஏதோ அசைந்தது. கடைசி வரிசையில் ருக்மணியம்மா. சாமியை அழைக்க அவரும் போயிருக்கிறார். எட்டு வருடமாக அவர் உட்காரும் இடம் அதுதான். முன்னால் விருந்தாளி, நடுவில் அருள். மிச்சமிருப்பது பின்னால் உள்ள அந்த மடக்குச் சீட். இரண்டு முழங்காலும் தேய்ந்த அம்மா, சாமி சீட்டைத் தொடாமல் இறங்குவதற்காக, நடு வரிசையின் வலது சீட்டை மடக்கி, அந்தச் சந்தில் கூனிக்குறுகி, ஒரு காலைத் தூக்கி வைத்தார். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தார். "நீங்க பூசையப் பாருங்க, நான் மெதுவா வர்றேன்" என்று சிரித்தார். எல்லாரும் பூசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாமி மட்டும் அவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கற்பூரத் தட்டை விலக்கிவிட்டு, தீர்த்தச் செம்பில் தோள் துண்டின் நுனியை நனைத்து, காருக்குள் குனிந்து, சீட்டைத் துடைத்தார்.

மூன்றே இழுப்பு. என் பாதுகாப்புப் பூச்சின் மேல் ஒட்டியிருந்த ஒரு நாள் கறை, வந்துவிட்டது. சாமி சீட்டைத் தட்டி, ருக்மணியம்மாவைப் பார்த்துக் கையால் காட்டினார், இங்கே உட்கார் என்று.

"ஐயோ, நானுங்களா? வேண்டாமுங் சாமி."

சாமி கையைக் கீழே போடவில்லை. அந்த அம்மா மெதுவாக நகர்ந்து வந்து, எட்டு வருடத்துக்குப் பிறகு, நடு வரிசை இடது சீட்டில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டத்தில் எவரும் அவரைக் கவனிக்கவில்லை. "எட்டு வருசக் கறை! மூணே தொடைப்பு!" என்று கனகசபாபதி கத்தினார். மேளக்காரர்கள் கதிகலங்க அடித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா தம்பி? ஒரு மெசினு இல்லை, மருந்து இல்லை. இனி எங்க வண்டிகளுக்கு எந்தக் கம்பெனியும் வேண்டாம். சாமி துண்டு ஒண்ணு போதும்."

கைதட்டினார்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான். மூன்று மணி நேரம் முழங்காலில் நின்று நான் எடுத்த கறைக்கு வேறொருவர் பெயர் வாங்கினார். வாயைத் திறந்து "அது நான்" என்று கத்தலாமென்றால், மீதியையும் சொல்ல வேண்டும்.

சாமி மூலையில் கை கழுவக் குழாயைத் தேடினார். சீருடையில் இருந்தவன் நான் என்பதால் என்னைப் பார்த்தார். வேனிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றினேன். பக்கத்தில் யாருமில்லை. குனிந்தபடியே, உதடு அசையாமல், பதினோரு வருட மௌனி பேசினார்.

"பழசை எடுத்தது நீதானே?"

"ஆமாங் சாமி."

"அன்னிக்கு ஒரு தும்மல் வந்துருச்சு. வெத்தலை வாயி. எட்டு வருசமா மனசு கேக்கலை. நல்ல சீட்டைக் கெடுத்துட்டமேன்னு. மௌனத்துல இருக்கறவன், வாயத் தொறந்து மன்னிப்பும் கேக்க முடியலை." துண்டில் கையைத் துடைத்தார். "தோலுக்கு ஒண்ணும் ஆகலை. சுத்தமா எடுத்திருக்கறே. நல்ல வேலைக்காரன்."

பத்து நாளாக நான் காத்திருந்த வார்த்தை அது.

"புதுசு ஆருது?"

நான் கோகிலவாணியைக் கண்ணால் காட்டினேன். சாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சாமி அருள் வந்து நடுங்குகிறார் என்று யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேசாத சாமி என்னிடம் மட்டும் பேசினார் என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவள் நம்பினாள்.

"என்னோடதப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 4, சனி

மச்சானுக்கு இன்னும் போன் செய்யவில்லை. மாதம் முடிந்து நாலு நாளாகிறது.

சாமியிடம் கேட்டு வாங்கிய துண்டைச் சங்க அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, முறைவைத்து ஒவ்வொரு காராகத் துடைக்கிறார்களாம். வெற்றிலை ஊறிய துண்டு. பாலாடை நிறச் சீட்டெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. காலையிலிருந்து ஏழு போன். ஏழு பேரும் குரலைத் தாழ்த்தி ஒரே மாதிரி சொன்னார்கள்: "அது அழுக்குன்னு நாங்க சொல்லலை. ஆனா எடுத்துருங்க. பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம்." ஒவ்வொருவரிடமும் எந்தச் சீட், எந்தக் கறை, எடுக்கலாமா என்று கோகிலவாணி மூன்று தடவை கேட்டுக்கொண்டாள்.

மத்தியானம் ருக்மணியம்மாவே எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். நடு வரிசை இடது சீட்டிலிருந்து, கஷ்டமே இல்லாமல். தலைவர் உடன் வரவில்லை.

"அவரு மறுபடி துண்டு போடறேன்னாரு. சாமி தொடச்ச எடமாம். நான் எந்திரிக்கவே இல்லையே! சோறு திங்கறதுக்குக்கூட வண்டியிலயே உக்காந்துட்டேன்." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "கமிட்டிப் பொம்பளைங்ககிட்டப் பேசிட்டேன் கண்ணு. திங்கக்கெழமையிலிருந்து வாங்க, மாசாமாசம்."

"எத்தனை வண்டிங்கம்மா?" என்று கேட்டது கோகிலவாணி.

"எல்லாம்தான். எங்க வண்டி மட்டும்னா நெனச்சே? இந்த என்க்ளேவுல ஒவ்வொருத்தர் வண்டியிலயும் ஒரு துண்டு கெடக்குது. ஒவ்வொரு பொம்பளையும் பின்னால மடங்கி உக்காந்திருக்கா."